பறிகொடுத்தவனே குற்றவாளியா?



சென்ற மாதம் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் வாசலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பஜாரில் முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்துபவர். "ஹஜ்ரத், வெளியில யார்ட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. பேசியவனுக்கு அவருடைய பாலிசி எண் தெரிந்திருந்தது. பிறந்த தேதி தெரிந்திருந்தது. எந்த மருத்துவமனையில், எந்த மாதம் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது என்பது தெரிந்திருந்தது. வாரிசாக எழுதிக் கொடுத்திருந்த மனைவியின் பெயர் கூடத் தெரிந்திருந்தது. இவ்வளவு தெரிந்தவன் கம்பெனி ஆளாகத்தானே இருப்பான் என்று நம்பி, செல்போனுக்கு வந்த ஓடிபி எண்ணை வாசித்துக் காட்டியிருக்கிறார். கணக்கிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டது.

பிள்ளைகள் ஏசுவார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று ஒன்பது நாட்கள் வாயைத் திறக்கவில்லை அந்த மனிதர். "தப்பு எம் மேலதான் ஹஜ்ரத், நான்தான் ஏமாந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஓடிபியைக் கொடுத்தது நீங்கள், சரி. அதற்கு முன்னால் உங்கள் பாலிசி எண்ணையும் கண் ஆபரேஷனையும் அவனுக்குக் கொடுத்தது யார் பாய்?"

அவர் விழித்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? திருடன் வெளியே ஓடிவிட்டான். ஏமாந்தவர் வெட்கித் தலைகுனிந்து நிற்கிறார். இந்த இருவருக்கும் நடுவே, அந்த விவரங்களையெல்லாம் வாங்கிப் பூட்டி வைப்பதாகச் சொன்ன மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவரை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. இந்த இதழில் அவரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

'தப்பு உன் மேல்தான்' என்பது அந்த ஜவுளிக்கடைக்காரர் தானாகக் கண்டுபிடித்த வார்த்தை அல்ல. உலகம் முழுவதும் பெரிய நிறுவனங்கள் சொல்லிச் சொல்லி மக்கள் மனதில் பதிய வைத்த வார்த்தை. அதை ஒரு நிறுவனம் வக்கீல் கடிதமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நடந்தது அமெரிக்காவில். கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2006ல் கலிபோர்னியாவில் '23அண்ட்மீ' என்றொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மனித உயிரணுவில் இருக்கும் 23 ஜோடி குரோமோசோம்களைக் குறிக்கும் பெயர் அது. வேலை எளிது. ஒரு சிறிய குழாயில் எச்சிலைத் துப்பி, மூடி, தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் அதிலுள்ள மரபணுவைப் படித்து, உங்கள் முன்னோர் எந்த நாட்டவர், உங்களுக்கு எந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றெல்லாம் சொல்வார்கள். உங்கள் மரபணுவோடு ஒத்துப்போகும் தூரத்து உறவினர்களையும் காட்டுவார்கள். சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இப்படிக் காசும் கொடுத்து எச்சிலும் கொடுத்திருந்தார்கள். பணம் திருடுபோனால் மீண்டும் சம்பாதிக்கலாம். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

2023 ஏப்ரல் கடைசியில் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. வேறு வேறு இணையதளங்களிலிருந்து முன்பே களவுபோன மின்னஞ்சல், பாஸ்வேர்டு பட்டியல்களை எடுத்துக்கொண்டு இந்தக் கதவில் போட்டுப் பார்த்தார்கள். தெருவில் கிடைத்த சாவிக்கொத்தை ஒவ்வொரு வீட்டிலும் போட்டுப் பார்ப்பது போல. ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைத்திருந்தவர்களின் கதவு திறந்தது. அப்படித் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள். இந்தக் களவு செப்டம்பர் வரை, ஐந்து மாதங்கள் நடந்தது. நிறுவனத்துக்குத் தெரியவில்லை. இடையில் ஆகஸ்ட் மாதமே, 'உங்கள் தகவல்கள் எங்களிடம் இருக்கின்றன' என்று ஒரு குரல் வந்தது. வெறும் புரளி என்று ஒதுக்கிவிட்டார்கள். அக்டோபரில் திருட்டுச் சரக்கு இணையத்தில் விலைக்கு வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

14,000 பேர் கணக்குதானே என்று நினைக்காதீர்கள். உறவினரைக் காட்டும் அந்த வசதி இருக்கிறதல்லவா, அதன் வழியாக ஒவ்வொரு கணக்கிலிருந்தும் சராசரியாக ஐந்நூறு பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மொத்தம் 69 லட்சம் பேர். பெயர், ஊர், பிறந்த ஆண்டு, குடும்ப மரம், இன்னாரோடு இன்னாருக்கு எவ்வளவு இரத்த உறவு என்ற கணக்கு. நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்!

பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தின் வக்கீல்கள் அவர்களுடைய வக்கீல்களுக்கு எழுதிய கடிதம் 2024 ஜனவரியில் வெளியானது. அதன் சாரம் இதுதான்: பயனாளிகள் அலட்சியமாகப் பழைய பாஸ்வேர்டையே மீண்டும் பயன்படுத்தினார்கள், மாற்றவில்லை, ஆகவே நடந்ததற்கு எங்கள் பாதுகாப்புக் குறைபாடு காரணம் அல்ல. திருடுபோன தகவலால் யாருக்கும் பண நஷ்டம் வராது என்றும் அதில் ஒரு வாதம்.

சகோதரர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பாஸ்வேர்டை வைத்திருந்தவர்கள் 14,000 பேர். மீதி 68 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செய்த அலட்சியம் என்ன? அவர்கள் நீளமான, கடினமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. அவர்கள் வீட்டுக் கதவை யாரும் உடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே நிறுவனமே சுவரில் ஓட்டை போட்டு வைத்திருந்தது.

அந்த 14,000 பேரின் மீதும் முழுப் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. மனிதர்கள் ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைப்பார்கள் என்பது இந்தத் துறையில் இருக்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். நானே வைத்திருந்தேன், என் மகன்தான் திட்டி மாற்றினான். தெரிந்த பலவீனத்துக்குத் தெரிந்த மருந்தும் உண்டு: பாஸ்வேர்டுக்குப் பிறகு செல்போனுக்கு ஓர் எண் அனுப்பிக் கேட்கும் இரண்டாவது பூட்டு. நம் ஊர் வங்கிகள் ஐந்நூறு ரூபாய் அனுப்புவதற்கே அதைக் கேட்கின்றன. மரபணுவைப் பூட்டி வைத்திருந்த நிறுவனம் அதைக் கட்டாயமாக்கவில்லை. 2023 நவம்பரில்தான் கட்டாயமாக்கியது. எல்லாம் போன பிறகு! அதே நவம்பர் 30 அன்று இன்னொரு காரியத்தையும் செய்தது: பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாகச் சேர்ந்து வழக்காடுவதைக் கடினமாக்கும் வகையில் தன் ஒப்பந்த விதிகளைத் திருத்தி எழுதியது. பூட்டுப் போடுவதில் காட்டாத வேகம் வக்கீலைத் தேடுவதில் வந்தது.

பிரிட்டனின் தகவல் ஆணையரும் கனடாவின் தனியுரிமை ஆணையரும் சேர்ந்து விசாரித்தார்கள். 2025 ஜூனில் பிரிட்டன் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. இரண்டாவது பூட்டு இல்லை, கண்காணிப்பு இல்லை, எச்சரிக்கை வந்தபோது உரிய நடவடிக்கை இல்லை என்பது அங்கே கண்டறியப்பட்ட குற்றம். கனடா ஆணையருக்கு அபராதம் போடும் அதிகாரமே சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 2024ல் 3 கோடி டாலருக்குச் சமரசம் பேசினார்கள். அந்த நாட்டில் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் 64 லட்சம் பேர். வக்கீல் கூலியைக் கழிக்காமல் கணக்கிட்டாலும் ஆளுக்கு ஐந்து டாலர் தேறாது.

அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கடை மூழ்கினால் மேஜை நாற்காலியை ஏலம் விடுவது வழக்கம். இங்கே ஏலத்துக்கு வந்த பெரிய சொத்து எது தெரியுமா? மக்கள் துப்பிக் கொடுத்த எச்சிலிலிருந்து எடுத்த தகவல்! பல மாநில அரசுகள் நீதிமன்றத்துக்கு ஓடின. கடைசியில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அன் வோஜ்சிக்கியின் அமைப்பே ஜூலையில் 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. தகவலுக்குச் சொந்தக்காரர்களிடம் 'விற்கலாமா' என்று ஒருவரும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கவில்லை.

இந்தக் களவில் நம் கவனத்துக்கு உரிய இன்னொரு செய்தி உண்டு. திருடர்கள் சரக்கை எப்படி விற்றார்கள்? கலந்து விற்கவில்லை. யூத வம்சாவளியினர் பட்டியல் தனி, சீன வம்சாவளியினர் பட்டியல் தனி என்று இனம் பிரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அது 2023 அக்டோபர் மாதம். உலகம் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 'யாருடைய பட்டியலோ, நமக்கென்ன' என்று நம்மில் யாராவது சொன்னால் அவருக்கு ஞாபகசக்தி இல்லை என்றே சொல்வேன். 2002ல் குஜராத்தில் வன்முறைக் கும்பல்கள் முஸ்லிம்களின் வீடுகள், கடைகளின் முகவரி அச்சிட்ட கணினித் தாள்களை வைத்துக்கொண்டு வந்தன என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சிறுபான்மையாக வாழும் எந்த மக்களுக்கும் பட்டியல் என்ற சொல் சாதாரணச் சொல் அல்ல. யூதர் பெயர் இருக்கும் பட்டியல் களவு போவதும் அக்கிரமம்தான். நம் பெயர் இருக்கும் பட்டியல் களவு போவதும் அக்கிரமம்தான்.

திருடன் வராமலேயே பட்டியல் போவதும் உண்டு. தொழுகை நேரம் பார்க்கவும் கிப்லா திசை பார்க்கவும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இறக்கி வைத்திருந்த 'முஸ்லிம் புரோ' என்ற செயலி, பயனாளிகள் இருக்கும் இடத்தின் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது. அந்தத் தரகனின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். 2020 நவம்பரில் பத்திரிகையாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. அங்கே பூட்டை உடைத்தவன் யாரும் இல்லை. சாவியே கைமாறியது.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் சென்னைக்கு வருவோம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இந்தியாவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று. 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஓர் அதிர்ச்சியை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பாலிசி விவரங்கள், அடையாள அட்டை நகல்கள், மருத்துவப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் டெலிகிராம் செயலியில் கேட்டவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடன் பெருமையடித்தான். பெரிய அளவில் எதுவும் போகவில்லை என்பதே நிறுவனத்தின் முதல் பதில். ஆனால் செய்தியாளர்கள் தேடிப்போய்க் கேட்ட பாலிசிதாரர் ஒருவர், 'இது என் ஆவணம்தான். எனக்கு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை' என்றார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம் மீதும் திருடன் மீதும் வழக்குத் தொடுத்து, தகவலைப் பரப்பத் தடை வாங்கியது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகவும் பிறகு சொன்னது.

நிறுவனமும் களவு கொடுத்த கட்சிதான், மறுக்கவில்லை. திருடன் மீது வழக்குப் போட்டதும் சரியே. கேள்வி வேறு. தன் வீட்டில் களவு போனதற்கு நிறுவனம் நீதிமன்றம் போகிறது. அந்த வீட்டில் வைத்திருந்த என் பொருள் போனதற்கு நான் எங்கே போவது?

2025 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், கணினித் தகவல் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை மீறியதற்காக அந்த நிறுவனத்துக்கு 3 கோடியே 39 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. திருடன் சொன்ன எண்ணிக்கை உண்மையென்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதுவும் ஆளுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் நோய், உங்கள் மனைவியின் பிரசவம், உங்கள் தகப்பனாரின் இருதய ஆபரேஷன் சந்தையில் கிடக்கிறது. ஒரு தேநீர்க் காசு கூட உங்களுக்கு இல்லை.

இங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு இருந்துவந்தது. உங்கள் அந்தரங்கத் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் நியாயமான பாதுகாப்புச் செய்யாமல் அலட்சியமாக இருந்து, அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால், அது உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது அதன் சாரம். அதிகம் பேருக்குத் தெரியாத பிரிவு. தெரிந்தவர்களும் அதிகம் பயன்படுத்தவில்லை. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் எண்மத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல அம்சங்கள் இல்லாமல் இல்லை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். களவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டிய கட்டாயம். இதையெல்லாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்த 250 கோடி யாருக்குப் போகும்? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு! பறிகொடுத்தவனுக்கு ஒரு பைசா என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. அது மட்டுமல்ல. நஷ்டஈடு தந்த அந்த 43ஏ பிரிவையே புதிய சட்டம் நீக்குகிறது. இன்னும் கேளுங்கள். குடிமகன் பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் அவனுக்குப் 10,000 ரூபாய் வரை அபராதம்! வீட்டைக் காவல் காக்கத் தவறியவனிடமிருந்து அரசு பணம் வாங்கிக்கொள்ளும். வீட்டைப் பறிகொடுத்தவன் பார்த்துப் பேச வேண்டும். இது என்ன கணக்கு?

விதிகளை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். நிறுவனங்கள் தயாராவதற்கு அவகாசம் வேண்டுமாம். பாதுகாப்புக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் அமலுக்கு வரும் என்று தள்ளிவைத்தார்கள். அதே சட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்கும் ஒரு பிரிவும் இருக்கிறது. அது மட்டும் அன்றே அமலுக்கு வந்தது. அதற்கு யாருக்கும் அவகாசம் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'நம்மால் என்ன ஆகும், பெரிய கம்பெனி, பெரிய வக்கீல்' என்று பெருமூச்சு விடாதீர்கள். ஆகியிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே ஆகியிருக்கிறது.

வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர். தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கியில் கணக்கு. 2007ல் வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பிவிட்டார். 6 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் போனது. வங்கி என்ன சொன்னது? அதே பல்லவிதான்: பாஸ்வேர்டைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அலட்சியம். அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. அவர் முன் போய் நின்றார். பணம் போய்ச் சேர்ந்ததும் அதே வங்கியில் இருந்த இன்னொரு கணக்குத்தான் என்பதையும் எடுத்து வைத்தார்கள். 2010 ஏப்ரலில், வங்கி தன் கடமையில் தவறியது என்று கூறி 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார் அதிகாரி. போனதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு! வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ 2011லிருந்து தலைவரே இல்லை. 2017ல் வேறொரு தீர்ப்பாயத்தோடு அதை இணைக்கும் வரை நாற்காலி காலியாகவே கிடந்தது. நீதி தாமதமாவதற்கு அநீதி வேண்டியதில்லை, காலி நாற்காலி போதும். இருந்தாலும் அந்த உத்தரவு ஒரு கதவைத் திறந்தது.

அண்மையில் உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. அஸ்ஸாமில் ஒருவர் 2021ல் இணையத்தில் வாங்கிய உடையைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். அந்த விற்பனைத் தளத்திலிருந்து தகவல் கசிந்திருந்தது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் ஒருவன் அவரைக் கூப்பிட்டான். 94,204 ரூபாய் போனது. அவர் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கிக்குத் தெரிவித்தார். வங்கியோ, ஓடிபியை அவரே கொடுத்திருக்க வேண்டும் என்று கைவிரித்தது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வங்கிதான் பொறுப்பு என்றது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இவ்வளவு நவீனத் தொழில்நுட்பம் வைத்திருக்கும் வங்கி, தன் கணக்கில் நடக்கும் மோசடிக்குப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றது.

அந்த 24 மணி நேரத்தைக் கவனித்தீர்களா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியிடம் இருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை இழப்பு. அதற்கு மேல் வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளர்தான் குற்றவாளி என்றால் அதை நிரூபிக்க வேண்டிய சுமை வங்கியுடையது. ஓடிபியை நாமே கொடுத்துவிட்டாலும், நாம் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் கணக்கில்தான். நம் ஜவுளிக்கடைக்காரர் வெட்கப்பட்டு வீணாக்கிய ஒன்பது நாட்களின் விலை இப்போது புரிகிறதா? 1930 என்ற எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். பணம் போன நிமிடமே கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியவன் நீங்கள் அல்ல.

நாம் கேட்பது அதிசயம் ஒன்றும் இல்லை. உடைக்க முடியாத பூட்டை எவனாலும் செய்ய முடியாது. திருடன் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் தெரிந்த பூட்டைப் போடு. கதவு தட்டப்படும்போது விழித்துக்கொள். போய்விட்டால் பத்திரிகைக்காரன் சொல்லும் முன் நீயே எனக்குச் சொல். தேவையில்லாததைக் கேட்டு வாங்காதே. இவற்றில் தவறினால் நஷ்டத்தை என்னிடம் கொடு, கஜானாவில் அல்ல. நகைப் பட்டறையில் வேலைக்குக் கொடுத்த தங்கம் களவு போனால், 'உங்கள் வீட்டுப் பூட்டு சரியில்லை' என்று பட்டறைக்காரர் சொல்லித் தப்ப முடியுமா? பஜார் விடுமா? அமானிதம் என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். பட்டறைக்கு ஒரு நியாயம், கம்பெனிக்கு ஒரு நியாயமா?

இப்போது வணிகச் சகோதரர்களே, உங்கள் பக்கம் திரும்புகிறேன். கோபிக்கக் கூடாது.

உங்கள் கல்லாவுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். சிம் கார்டு வாங்க வந்தவர்களின் ஆதார் ஜெராக்ஸ் எத்தனை கட்டு கிடக்கிறது? உம்ரா சர்வீஸ் நடத்தும் சகோதரரே, ஐந்து ஆண்டுக்கு முன் போய்வந்த ஹாஜிமார்களின் பாஸ்போர்ட் நகல் உங்கள் செல்போன் வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறதா இல்லையா? ஒரு பனியன் வாங்க வந்தவரிடம் பில் போட எதற்குச் செல்போன் எண்? அந்த எண்களை விளம்பரக்காரன் கேட்டபோது மொத்தமாக அனுப்பிவிட்ட கடைக்காரரை எனக்குத் தெரியும். அவர் நல்லவர், தொழுகையாளி, தாம் ஒரு தவறு செய்ததாகவே அவருக்குத் தெரியாது. ஒருமுறை ரயில் நிலையத்துக்கு வெளியே வாங்கிய வடையை ஒரு பெண்மணியின் ஆதார் நகலில் மடித்துக் கொடுத்தார்கள். புகைப்படம் எண்ணெயில் நனைந்து கிடந்தது. எந்தக் கடையின் இழுப்பறையிலிருந்து பழைய பேப்பர்க்காரனிடம் போனதோ!

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் சொல்ல வேண்டும். திருமணப் பதிவேட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். மணப்பெண்ணின் பிறந்த தேதி, தகப்பனார் பெயர், முகவரி, ஆதார் எண். ஊரே பார்க்கிறது. செல்போன் பழுது பார்க்கும் தம்பிகளே, உங்கள் மேஜையில் ஒருவர் விட்டுப்போகும் போனில் அவருடைய குடும்பமே இருக்கிறது. பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போனின் முதுகில் ஒட்டி வைக்கிறீர்களே!

வேண்டாத ஜெராக்ஸைக் கிழித்துப் போட ஒரு பைசா செலவில்லை. ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு நகலை ஆதார் ஆணையமே தருகிறது. அதை வாங்கினால் போதும் என்ற இடத்தில் அதை வாங்குங்கள். பெரிய நிறுவனத்திடம் நாம் கேட்கும் கேள்வியை நாளை ஒரு வாடிக்கையாளர் நம் கல்லாவுக்கு முன்னால் நின்று நம்மிடம் கேட்பார். கேட்க வேண்டும்.

படித்த இளைஞர்களே! உங்களில் பலர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது உங்கள் தெருவில் இருக்கும் பெரியவர்களின் போனை வாங்கி, இரண்டாவது பூட்டைப் போட்டுக் கொடுங்கள். தகவல் களவு போனதாகத் தெரிந்தால் நிறுவனத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, தீர்ப்பு அதிகாரியிடம் எப்படி மனுக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டு எழுதிக் கொடுங்கள். சட்டத்தில் நஷ்டஈட்டுப் பிரிவை மீண்டும் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பத்துப் பேராகப் போங்கள்.

ஜவுளிக்கடைக்காரர் பத்தாவது நாள் புகார் கொடுத்தார். பணம் திரும்புமா என்று எனக்கு நம்பிக்கை அதிகம் இல்லை. அவரிடமும் அதை மறைக்கவில்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பினோம். 'என் பாலிசி எண்ணும் அறுவைச் சிகிச்சை விவரமும் வெளியாருக்கு எப்படிப் போனது? எப்போது உங்களுக்குத் தெரியும்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?' என்று மூன்று கேள்விகள். ஒப்புகை அட்டை வந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு பதிலும் வந்தது. பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றிக்கொள்ளும்படி அதில் அறிவுரை இருந்தது. அவருக்கு அந்த நிறுவனத்தில் இணையக் கணக்கே கிடையாது.

அடுத்த கடிதம் ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு. சென்ற வெள்ளிக்கிழமை அதை எழுதினோம். யாருக்குத் தெரியக் கூடாது என்று அவர் பயந்தாரோ, அந்த மூத்த மகனே பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தான்.